ஆறு சதவீதத்துக்கு அரைக் கட்டை

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டேப்ரிக்கார்டரில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வரும் இயற்பியல் ஏற்கெனவே தெரியும். நாடா மெதுவாகச் சுற்றச் சுற்ற டி.எம்.எஸ். பாதாளத்துக்கு இறங்குவார், சுசீலாவின் குரல் ஆண்குரல் ஆகிவிடும். வேகமும் சுருதியும் ஒரே அச்சில் மாட்டியிருந்த காலம் அது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். கணக்கும் எளிதுதான்: ஓட்டத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும். ஆர்மோனியக் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டை ஐந்தரைக் கட்டை ஆகும். (மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, மூன்றிலிருந்து நேரே நான்குதான் என்று திருத்த வரும் பாகவதர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.)

தில்லியின் டெக்னோ டி.ஜே.க்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த 6 சதவீதம்தான் முதலில் வந்து நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் நாம் பார்த்துப் பழகிய டி.ஜே. வேறு, இவர் வேறு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு என்று இவர் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் மேல் இன்னொன்றைப் படியவைத்து, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ சேர்த்தே ஓட்டி, ஆடுகிறவர்கள் அறியாமல் முந்தையதைக் கழற்றிவிடுவார். அந்தச் சேர்க்கையின்போது இரண்டுக்கும் காலப்பிரமாணம் ஒன்றாக இருக்க வேண்டும். சுருதியும் சேர வேண்டும். சுருதி மாதா, லயம் பிதா என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வது இங்கேயும் செல்லும். ஆனால் 1990களின் தில்லியில் பிதாவைச் சமாளிக்கவே ராத்திரி போதவில்லை. மாதா பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

அன்றைய தில்லியில் ஆட்டம் என்றால் ஐந்து நட்சத்திர ஓட்டல்தான். மௌரியா ஷெரட்டனில் இருந்த 'குங்ரூ'வின் பெயரைச் சொன்னால் இன்று ஐம்பதைத் தாண்டிய தில்லிக்காரர்களின் முகம் மாறும். அப்படிப்பட்ட டிஸ்கோக்களில் ஆங்கில பாப், பாங்க்ரா, இந்திப் படப்பாட்டு எல்லாம் ஒரே இரவில் வந்துபோகும். நிமிடத்துக்குச் சுமார் 95 தட்டில் போகும் பாங்க்ராவிலிருந்து 125 தட்டு நடனப் பாட்டுக்குத் தாவ வேண்டும் என்றால் அதில் கலவை எங்கே? ஒன்றை அணைத்து இன்னொன்றை ஏற்றுவதுதான். பல்லவி இல்லாமல், வார்த்தை இல்லாமல், ஒரே கிக் டிரம் ஏழு நிமிடம் இடித்துக்கொண்டிருக்கும் டெக்னோவுக்கு அங்கே வேலை இல்லை. அது டெட்ராய்ட் பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றவர்கள் 1980களில் உருவாக்கிய இசை. 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு அந்தப் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1982இல், பம்பாயில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர் ரோலண்டு கம்பெனியின் 808 டிரம் மிஷின், 303 பேஸ் மிஷின், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை ஒரு எல்.பி.யாகப் போட்டார். பின்னாளில் சிகாகோவும் டெட்ராய்ட்டும் தங்கள் சொத்தாக்கிக்கொண்ட அதே மாதிரி மிஷின்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் வெளிநாட்டுக்காரர்கள் மறுபதிப்பு செய்த பிறகுதான் நாம் அவரைக் கொண்டாடத் தொடங்கினோம். நமக்கு இது புதிய பழக்கம் அல்ல.

தில்லிக்கு மின்னணு நடன இசை வந்த ஒரு வழி கோவா. கடற்கரையின் வெயிலும் மணலும் இசைத்தட்டுக்கு ஆகாது, தட்டு வளைந்துவிடும். அதனால் கோவா கில் போன்ற டி.ஜே.க்கள் டாட் எனப்படும் டிஜிட்டல் நாடாவில் போட்டார்கள். அந்த மிஷின்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பொதுவாகக் கிடையாது. ஆகவே கலவை என்பது, ஒரு டிராக்கின் தாளமில்லாத வாலையும் அடுத்ததன் தாளமில்லாத தலையையும் ஒட்டுவது. கோவா டிரான்ஸின் தொடக்கமும் முடிவும் அவ்வளவு நேரம் காற்றில் மிதந்துகொண்டிருந்ததற்கு அழகியல் மட்டும் காரணம் அல்ல. மிஷினின் குறையும் ஒரு காரணம்.

இன்னொரு வழி, விமானத்தில் வந்த பெட்டி. லண்டனிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ திரும்பும் அண்ணன், சித்தப்பா மகன், விமானப் பணிப்பெண்ணாக இருந்த தோழி என்று யாராவது கொண்டுவரும் சி.டி.யும் தட்டும்தான் சரக்கு. இந்தியாவில் எல்.பி. அச்சடிப்பது 1990களில் ஏறத்தாழ நின்றேபோனது. டெக்னோ வெளிவந்த 12 அங்குலத் தட்டுகளுக்கு இங்கே கடையே இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் கௌரவ் ரைனாவும் தபன் ராஜும் 'மிடைவல் பண்டிட்ஸ்' என்ற பெயரில் சேர்ந்து 'சைபர் மெஹ்ஃபில்' இரவுகளை நடத்தினார்கள். 2002இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்ஸ் டிகிரீஸ் நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அவர்களுடையது டெக்னோ என்று சொல்ல முடியாது; ஆனால் பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்பாமல் ராத்திரி முழுக்க ஒரே ஓட்டத்தில் ஆடும் கூட்டம் தில்லிக்கு உண்டு என்பதை நிரூபித்தவர்களில் அவர்களும் உண்டு.

தட்டு வைத்திருந்த சிலரின் தொழில் எப்படி நடந்தது என்று பார்ப்போம். மிஷின் பெரும்பாலும் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200. 1972இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த மாதிரி அது. 1979இல் வந்த மார்க்-2 மாதிரியில் வலது ஓரமாக ஒரு நீளமான வேகத் தள்ளி வைத்தார்கள்; மேலும் கீழும் 8 சதவீதம் போகும். டி.ஜே.க்களின் உலகம் அந்தச் சில அங்குலத்தில் அடங்கியிருந்தது. ஹெட்போனின் ஒரு காதில் அடுத்த தட்டு, மற்றக் காதில் அரங்கில் ஓடும் தட்டு. நிமிடத்துக்கு 130 தட்டு என்றால் கிக்குக்கும் கிக்குக்கும் இடையே அரை விநாடி கூட இல்லை, 0.46 விநாடி. இரண்டுக்கும் நடுவே நிமிடத்துக்குப் பத்தில் ஒரு தட்டு வித்தியாசம் இருந்தாலே, ஒரு நிமிடத்தில் 46 மில்லி விநாடி விலகிவிடும். ஒற்றைக் கிக்காகக் கேட்டது 'தடக் தடக்' என்று குதிரை ஓடும். விலகுவதற்கு முன்பே விரலால் தட்டைத் தொட்டுத் தள்ளியோ, அச்சைப் பிடித்துத் தடுத்தோ சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கச்சேரியில் மிருதங்கக்காரர் ஓடாமல் பார்த்துக்கொள்வது போலத்தான். ஆனால் இங்கே ஓடுகிற இருவருக்கும் காது கிடையாது.

இத்தனைக்கும் நடுவே சுருதி என்ன ஆயிற்று? ஒரு தட்டு 126, இன்னொன்று 134. இரண்டும் ஐந்து கட்டையிலேயே அமைந்தவை என்று வையுங்கள். சேர்க்க வேண்டும் என்றால் முதல் தட்டை 6 சதவீதத்துக்குச் சற்று மேலே தள்ள வேண்டும். தள்ளினால் அது ஐந்தரைக் கட்டைக்கு ஏறிவிடும். தாளம் சேரும்போது சுருதி பிரியும். தட்டின் உறையில் பென்சிலால் சுருதியைக் குறித்துவைத்தாலும், வேகத் தள்ளி நடுக்கோட்டில் நிற்கும்வரைதான் அந்தக் குறிப்பு உண்மை. தள்ளி நகர்ந்த கணமே பொய். மனக்கணக்குப் போட்டு இதையும் சமாளித்த சிலர் உலகில் இருந்தார்கள். அமெரிக்காவில் மார்க் டேவிஸ் என்பவர் இதற்காகவே எண்களிட்ட சக்கரம் ஒன்றை அமைத்து அதற்குக் கேமலாட் என்று பெயர் வைத்தார். தில்லியில் கையில் இருந்ததே ஒரு பெட்டித் தட்டு. எண்பது தட்டு என்றால் எடையே 20 கிலோவை நெருங்கும். அந்த எண்பதில் வேகம் ஒத்துவருவது பத்து, சுருதியும் ஒத்துவருவது இரண்டோ மூன்றோ. எது எதோடு சேரும் என்பது குறிப்பால் அல்ல, வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததால் கைக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துக் காதின் மேல் பெரிய பக்தி ஒன்று இப்போது உலவுகிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 1990களின் கலவைப் பதிவுகள், பெரிய பெயர்களுடையவைகூட, இன்று போட்டுக் கேட்டால் பல இடங்களில் சுருதி பல்லைக் கடிக்கிறது. அன்று யாரும் முறையிடவில்லை. காரணம் ரசிகர்களின் பெருந்தன்மை அல்ல. டெக்னோவில் ஸ்வரமே குறைவு. கிக், ஹை-ஹாட், இரண்டு ஸ்வரத்தில் சுற்றும் பேஸ். சேராத சுருதி தெரிவதற்கு முதலில் சுருதி இருக்க வேண்டுமே.

அச்சு முறிந்தது சி.டி. வந்தபோது. 1994இல் பயனியர் கம்பெனி டி.ஜே.க்களுக்கென்றே சி.டி.ஜே.-500 என்ற மிஷினைக் கொண்டுவந்தது. அதில் 'மாஸ்டர் டெம்போ' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வேகம் மாறும், சுருதி மாறாது. ஒலியைப் பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கி, வேகம் கூடினால் சில துண்டுகளை விட்டும், குறைந்தால் சிலவற்றைத் திரும்பப் போட்டும், ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவதுதான் சூட்சுமம். தொடக்ககால ஒட்டு கரடுமுரடாக இருந்தது. கிக்கின் முனை மழுங்கும், ஹை-ஹாட் தண்ணீருக்குள் கேட்பது போலாகும். 2001இல் வந்த சி.டி.ஜே.-1000, தட்டைத் தொடுவது போலவே மேல் சக்கரத்தைத் தொட்டு ஓட்ட வகைசெய்தது. பெரிய கிளப்புகள் எல்லாம் அதற்கு மாறின. தில்லிக்கும் அது பெரிய விடுதலை. ஊசி குதிக்காது, தட்டு வளையாது, எண்பது தட்டின் சரக்கு ஒரு ஜிப் பைக்குள் அடங்கும்.

ஆனால் தில்லியை உண்மையில் மாற்றியது மிஷின் அல்ல என்பது என் எண்ணம். 2004இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய பீட்போர்ட் என்ற இணையக் கடை மாற்றியது. அதுவரை பாலிகா பஜாரின் எம்.பி.3 குறுந்தகட்டில் யாரோ பொறுக்கிப்போட்ட கதம்பம்தான் பலருக்கு வழி. பீட்போர்ட் வந்த பிறகு, பெர்லினில் வெள்ளிக்கிழமை வெளியாகும் டிராக்கைத் தில்லியின் டி.ஜே. அதே வெள்ளிக்கிழமை இரவு போடலாம். எண்பது தட்டு எட்டாயிரம் டிராக் ஆயிற்று. பஞ்சம் தீர்ந்ததும் வேறொரு சிக்கல்: எதை எதோடு சேர்ப்பது? எட்டாயிரத்தையும் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்ய ஆயுள் போதாது. ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான் 'ஜலேபி கார்ட்டெல்' குழு தில்லியிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த அர்ஜுன் வாகலே பிறகு முழுக்க டெக்னோவுக்கே போனவர். குழுவினர் சிலர் குர்கானில் 'ஐ லவ் மியூசிக்' என்ற பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்கள். டி.ஜே. தொழிலைச் சம்பளம் கட்டிக் கற்றுக்கொள்ளலாம் என்பதே அன்று பல வீடுகளில் செய்தியாக இருந்திருக்கும்.

எட்டாயிரத்துக்கு விடையாக வந்தது மென்பொருள். 2006 வாக்கில் யாகோவ் வோரோபியேவ் 'மிக்ஸ்டு இன் கீ' என்ற நிரலைக் கொண்டுவந்தார். டிராக்கைக் கொடுத்தால் அதன் சுருதியைக் கண்டுபிடித்து, மார்க் டேவிஸின் கேமலாட் எண்ணில் முத்திரை குத்தித் தரும். 8ஏ, 9ஏ, 8பி என்று. இசை தெரியாதவரும் எண்ணைப் பார்த்துச் சேர்க்கலாம்: அதே எண் சேரும், பக்கத்து எண் சேரும், அதே எண்ணின் மற்ற எழுத்தும் சேரும்.

நம் ஊர்க்காரருக்கு இந்தச் சக்கரத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. 8ஏ என்பது ஏ மைனர். நம் கணக்கில் ஆறு கட்டையில் நடபைரவி. 8பி என்பது சி மேஜர். ஒரு கட்டையில் சங்கராபரணம். இரண்டிலும் ஏழு ஸ்வரமும் ஒன்றே, ஆதாரம்தான் வேறு. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி என்று கிரக பேதத்தில் படிப்பதைத்தான் 'எழுத்தை மாற்று' என்று அவர்கள் சுருக்கிவிட்டார்கள். 8ஏயிலிருந்து 9ஏவுக்குப் போனால் ஆதாரம் பஞ்சமத்துக்கு நகர்கிறது. ஏழில் ஆறு ஸ்வரம் அப்படியே நிற்க ஒன்று மட்டும் மாறுகிறது. அதனால்தான் காதுக்கு உறுத்துவதில்லை. சிலப்பதிகார உரைகளில் வரும் வட்டப்பாலையும் இதே பன்னிரண்டு வீட்டுக் கணக்குத்தான். இராசி வட்டத்தில் நரம்புகளை நிறுத்தி, குரல் என்ற ஷட்ஜத்துக்கு இளி என்ற பஞ்சமம், அந்த இளிக்கு இளி என்று போய்ப் பாலைகளைப் பிறப்பிப்பார்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் இதைப் பக்கம் பக்கமாக விரித்திருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. வட்டப்பாலையில் அடுத்த வீடு அரை ஸ்வரம், ஏழு வீடு தள்ளினால் இளி. கேமலாட்டில் அடுத்த வீடே இளி. ஏழு வீடு தள்ளினால் அரை ஸ்வரம். வட்டத்தைத் திருப்பிக் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 8ஏயிலிருந்து 3ஏவுக்குத் தாவினால் மொத்தச் சுருதியும் அரை ஸ்வரம் ஏறும். கூட்டத்தை உசுப்ப டி.ஜே.க்கள் இன்றும் செய்கிற தந்திரம் அது.

கர்நாடகக் கச்சேரியில் தம்புரா மூன்று மணி நேரமும் நகராது. ராகம் மாறும், ஷட்ஜம் மாறாது. டி.ஜே. செட்டில் ஷட்ஜமே ஊர்வலம் போகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதுதான் முதலில் திகைப்பு. ஆனால் கடினமான டெக்னோ போடும் சிலர் எண்ணை மாற்றாமல் ஒரே சுருதியில் அரை மணி நேரம் நிற்பதும் உண்டு. நாலைந்து டிராக் மாறியிருக்கும், அடியில் ஓடும் கார்வை மாறியிருக்காது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அழகான செட்டுகளைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது. காரணம் வேறு எங்கோ பழகிய காதாகவும் இருக்கலாம்.

2009இல் பயனியர் சி.டி.ஜே.-2000ஐயும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளையும் கொண்டுவந்தது. வீட்டில் கணினியில் அலசி, விரல் நீள யு.எஸ்.பி.யில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போனால் போதும். 2012இன் மாதிரியில் 'சிங்க்' பொத்தான் வந்தது: ஒரு அழுத்தில் இரண்டு டிராக்கின் தாளமும் பூட்டிக்கொள்ளும். 2020இன் சி.டி.ஜே.-3000இல் 'கீ சிங்க்': ஒரு அழுத்தில் சுருதியும். அன்று ஒரே அச்சில் இருந்தவை இன்று இரண்டு பொத்தான்கள்.

சிங்க் பொத்தானை அழுத்துகிறவன் டி.ஜே.யா என்ற சண்டை தில்லியிலும் நடந்தது, இன்னும் முழுக்க ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் சுவாரசியம் இல்லை. உழைப்பு ராத்திரியிலிருந்து பகலுக்கு நகர்ந்திருக்கிறது. அன்று மேடையில் வியர்த்தது இன்று துவாரகாவிலோ லட்சுமி நகரிலோ ஒரு மாடி அறையில், மடிக்கணினி முன்னால் பிற்பகல் முழுக்க டிராக்குகளை அலசி, எண் போட்டு, எங்கே நுழையலாம் எங்கே வெளியேறலாம் என்று புள்ளி வைப்பதில் கழிகிறது. இப்போது வரும் சின்னக் கண்ட்ரோலர் ஒரு மேசையில் பாதியைக்கூட அடைக்காது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மார்க்-2 மிஷினைத் தொட்டே பழக்கம் இல்லை. அவர்கள் தாளம் சேர்ப்பதில் ஒரு வருடத்தைச் செலவழிக்காமல், நேரே எதற்குப் பிறகு எது என்ற கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். அதுதானே கடைசிவரை கேள்வி?

ஆனால் எண்ணை நம்பினால் கவிழும் இடம் ஒன்று இருக்கிறது, அது டெக்னோவில்தான் அதிகம். மென்பொருள் ஸ்வரங்களை எண்ணிப் பார்த்துச் சுருதியை ஊகிக்கிறது. ஸ்வரமே இல்லாத டிராக்கில் அது எதைப் பிடிக்கும்? பெரும்பாலும் கிக்கின் அடிநாதத்தையோ அதன் பின்னால் உருளும் பேஸையோ பிடித்துக்கொண்டு, மேஜரா மைனரா என்று குத்துமதிப்பாக ஒரு முத்திரை குத்திவிடும். ஒரே டிராக்குக்கு இரண்டு மென்பொருள் இரண்டு எண் தருவது சாதாரணம். டெக்னோவில் சுருதி என்பது மேலே உள்ள மெட்டில் இல்லை, அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு கிக்கின் நாதம் விநாடிக்கு 49 அதிர்வில், அதாவது ஐந்து கட்டையின் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். இன்னொன்று ஐந்தரையில், 52 அருகே. இரண்டு பேஸையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் விநாடிக்கு மூன்று முறை வீங்கி வற்றும் ஓர் அலை கிளம்பும். தம்புரா சேர்க்கும்போது இரண்டு தந்தி ஒட்டாமல் அலைவது கேட்குமே, அதேதான். இங்கே அதை வயிற்றால் கேட்க வேண்டும். திரையில் எந்த எண் ஒளிர்ந்தாலும் இதற்குப் பரிகாரம் பழையதுதான்: ஒன்றின் அடித்தளத்தை மிக்சரில் முழுக்க இறக்கிவிட்டு, சரியான ஆவர்த்தனத்தில் மற்றதன் அடித்தளத்தைத் திறப்பது. பெரும்பாலும் 32 தட்டுக் கணக்கு; ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம். அந்த ஒரு கை அசைவைப் பார்த்தால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இன்று தில்லியில் இதைக் கேட்க ஓட்டலுக்குப் போக வேண்டியதில்லை. குதுப் மினாருக்கு எதிரே சில வருடம் இயங்கிய 'புளூ ஃபிராக்' இப்போது இல்லை. ஹௌஸ் காஸ் பக்கம் அரவிந்தர் பெயரில் உள்ள மார்க்கெட்டின் 'சம்மர் ஹவுஸ் கஃபே', 'ஆரோ' போன்ற சின்ன இடங்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. கோஹ்ரா என்ற பெயரில் இசைக்கும் மாதவ் ஷோரியின் 'கிலா ரெக்கார்ட்ஸ்' தில்லியிலிருந்தே டெக்னோவை வெளியிடுகிறது. 2017இல் மோசிட்டியும் டூவலிஸ்ட் இன்குவைரியும் தொடங்கிய 'பாக்ஸ்அவுட் எஃப்.எம்.' இணைய வானொலி, கிளப்பில் இடம் கிடைக்காத இசைக்கும் ஒரு வாசலைத் திறந்தது. டிராக் இறக்குமதியாகும் ஊர், டிராக் ஏற்றுமதியாகும் ஊர் ஆயிற்று.

பெர்லினோடு ஒப்பிட்டு அங்கலாய்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே சில கிளப்புகள் சனி இரவு திறந்து திங்கள் காலை மூடுகின்றன. தில்லியில் மதுக்கூடம் பெரும்பாலும் இரவு ஒரு மணிக்கு விளக்கைப் போட்டுவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளால் திறந்த வெளியில் பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. கிடைப்பது ஒன்றரை மணி நேரம், போட முடிவது இருபது டிராக்குக்குள். சுருதி மெல்ல ஊர்ந்து சக்கரத்தின் மறுபக்கம் போய்ச்சேர நேரம் இல்லை. அதனால் தில்லியின் செட்டுகளில் ஏற்றம் சீக்கிரம் வருகிறது, 3ஏ மாதிரித் தாவல்களும் அதிகம். மாதச் செலவுக்கு அதே டி.ஜே. சத்தர்பூர் பண்ணை வீட்டுக் கல்யாணத்தில் நிற்க வேண்டியும் வரலாம். தில்லிக்காரரான ராப் பாடகர் பாட்ஷா 2015இல் 'டி.ஜே. வாலே பாபு' என்று ஒரு பாட்டையே போட்டார், என் பாட்டைப் போடு என்று கேட்கும் பாட்டு. குங்ரூ காலத்துச் சீட்டு சாகவில்லை, செல்பேசித் திரையில் டைப் செய்து டி.ஜே.யின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள்.

வேகமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1990களில் 130, 140 என்று ஓடிய டெக்னோ, 2000களின் பிற்பாதியில் மினிமல் அலையில் 125 பக்கம் இறங்கி நடந்தது. கோவிட் முடக்கத்துக்குப் பிறகு மறுபடி பாய்ச்சல்: 140, 145, அதற்கும் மேல். வீட்டில் அடைந்து கிடந்த இளைஞர்கள் வெளியே வந்து வேகத்தைக் கேட்டார்கள். தில்லியும் விலக்கல்ல. இதனால் பழைய 6 சதவீதம் புதுவேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய 128 டிராக்கை இன்றைய 140 செட்டில் நுழைக்க வேண்டும் என்றால் 9 சதவீதத்துக்கு மேல் தள்ள வேண்டும். மாஸ்டர் டெம்போ போட்டால் சுருதி நிற்கும், ஆனால் நறுக்கி ஒட்டிய கிக் அந்த அளவுக்குத் தாங்காது, முனை மழுங்கிக் 'கும்'மென்று கேட்கும். போடாவிட்டால் கிக் கூர்மையாக இருக்கும், சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறியிருக்கும். கிக்கின் கூர்மையை விட மனமில்லாமல் பொத்தானை அணைத்தே வைக்கும் டெக்னோ டி.ஜே.க்கள் உண்டு. முப்பது வருடம் போராடி முறித்த அச்சை அவர்களே விரும்பி மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குச் சிக்கலான இடம் 9 சதவீதம்கூட அல்ல, 3 சதவீதம். 136 டிராக்கை 140க்குத் தள்ளினால் சுருதி மிகச் சரியாகக் கால் கட்டை ஏறும். இந்தச் சுருதிக்கும் அடுத்த சுருதிக்கும் நட்டநடுவே, சக்கரத்தில் எந்த எண்ணும் இல்லாத இடத்தில் போய் நிற்கும். திரையில் அலசல் நேரத்து எண் ஒன்று இருக்கும், ஒலிப்பது வேறாக இருக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. கிக்கும் ஹை-ஹாட்டும் மட்டும் இருக்கும் பகுதியில் நுழைந்து, மெட்டு தலைகாட்டுவதற்குள் முந்தையதைக் கழற்றிவிடலாம். அல்லது ஓடிக்கொண்டிருப்பதை யாரும் அறியாமல் நிமிடத்துக்கு ஒரு தட்டாக 138க்கு இறக்கி, வருவதை 138க்கு ஏற்றி, நடுவழியில் சந்திக்கவைக்கலாம். அப்போதும் கால் கட்டை அப்படியேதான் இருக்கும் என்கிறார் கணக்குத் தெரிந்தவர். இரண்டின் விகிதம் மாறவில்லையே. ஆகவே முதல் வழிதான். அதற்கு அந்த டிராக்கில் மெட்டு எத்தனையாவது ஆவர்த்தனத்தில் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.